வெட்கம் எங்கே குடியிருக்கிறது?



பள்ளிச் சேர்க்கைக் காலம் வந்தால், பிள்ளைகளின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தரும்படி சபையார் சிலர் போதகரைத் தேடி வருவது நகரத்துச் சபைகளில் வழக்கம். பெயர், பிறந்த தேதி, முகவரி என்று படிவம் தடையின்றி நிரம்பும். 'தகப்பனார் தொழில்', 'தாயார் தொழில்' என்னும் இரண்டு கட்டங்களுக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். மாநகராட்சிக் குப்பை வண்டியில் வேலை செய்கிறவர், "தனியார் கம்பெனி என்று எழுதிவிடுங்கள், பாஸ்டர்" என்பார். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கிற தாயார், "வீட்டில்தான் இருக்கிறேன் என்று போடுங்கள்" என்பார். அந்தப் பள்ளியின் கட்டணத்தைச் செலுத்துவதே அந்த நான்கு வீட்டுச் சம்பளந்தான்.

இவ்விருவரும் வேலைத்தலத்தில் தலைகுனிந்து நிற்பவர்கள் அல்லர். காலை ரயிலில் தம் தோழிகளோடு அமர்ந்து, எந்த வீட்டு அம்மாள் சம்பளத்தை இழுத்தடிக்கிறாள், எந்த வீட்டில் ஒரு நாள் விடுப்புக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று வாய்விட்டுப் பேசிச் சிரிக்கிறவர்கள். அதே வேலை, அதே கைகள். இரயில் பெட்டியில் இல்லாத வெட்கம் படிவத்தின் முன்னால் எங்கிருந்து வந்தது? இந்த மாதம் இந்தக் கேள்வியைச் சற்று நின்று சிந்திப்போம்.

'ஸ்டிக்மா' என்னும் கிரேக்கச் சொல், உடலில் சுட்டோ குத்தியோ பதிக்கப்படும் அடையாளத்தைக் குறிப்பது. அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் அது பதிக்கப்பட்டது. கலாத்தியர் 6:17-ல் பவுல் எடுத்தாளும் சொல்லும் இதுவே. நமது வேதாகமம் அதை 'அச்சடையாளங்கள்' என்று தமிழாக்குகிறது. சமூகம் மனிதர்மேல் பதிக்கும் களங்கத்தைக் குறித்து எர்விங் காஃப்மன் என்னும் சமூகவியல் அறிஞர் 1963-ல் எழுதிய நூலுக்கு இச்சொல்லையே தலைப்பாக வைத்தார். நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. அச்சடையாளம் தானாக முளைப்பதில்லை. வேறொருவர் கை அதைப் பதிக்கவேண்டும். வேறொருவர் கண் அதை வாசிக்கவேண்டும்.

எவரெட் ஹியூஸ் என்னும் அமெரிக்க அறிஞர், சமூகத்திற்குத் தேவைப்பட்டும் சமூகத்தால் இழிவாகப் பார்க்கப்படும் வேலைகளை 1951-ல் 'அழுக்கு வேலை' என்று பெயரிட்டு ஆராய்ந்தார். 1999-ல் ஆஷ்ஃபோர்த், க்ரைனர் என்னும் இருவர் அதை விரித்து எழுதினார்கள். குப்பை, கழிவுநீர், பிணம் ஆகியவற்றைத் தொடுவதால் வரும் இழிவு ஒன்று. பிறருக்கு ஏவல் செய்வதால் வரும் இழிவு ஒன்று. ஒழுக்கத்தைச் சந்தேகிப்பதால் வரும் இழிவு ஒன்று என மூவகையாகப் பிரித்தார்கள். இப்படிப்பட்ட வேலைகளில் இருப்போர் தங்களைத் தாங்களே வெறுத்துக்கொண்டு வாழ்வதில்லை என்பதையும், உடன் வேலை செய்வோரின் நெருக்கமான வட்டம் அவர்களுடைய சுயமரியாதையைக் காக்கிறது என்பதையும் எடுத்துக்காட்டினார்கள். ஒருவருடைய தொழிலைப்பற்றி அவருக்குள் எழும் உணர்வு, அவர் எந்த வட்டத்துக்குள் நிற்கிறார் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

நம் நாட்டிலோ இதற்குள் இன்னொரு கத்தியும் இருக்கிறது. "என்ன வேலை?" என்னும் கேள்விக்குள் பல வேளைகளில் "என்ன ஜாதி?" என்னும் கேள்வி ஒளிந்துகொண்டிருக்கிறது. ஆகவேதான் பதில் சொல்ல நாவு தயங்குகிறது.

சொந்த ஊரின் கண்

நகரத்துக்கு வந்த நம் மக்களை மிகவும் வருத்துவது நகரத்தின் பார்வையன்று. அந்நியன் ஒருவன் முகம் சுளித்தால் அது அந்தத் தெருமுனையோடு போயிற்று. கோடை விடுமுறைக்கு நெல்லைக்கோ விழுப்புரத்துக்கோ போகும்போதுதான் நெஞ்சு கனக்கிறது. "பம்பாயில் என்ன செய்கிறாய்?" என்று பெரியப்பா கேட்பார். "கம்பெனியில்" என்று ஒரே சொல்லில் பதில் முடியும். 'ஹவுஸ் கீப்பிங்' என்னும் சொல் இப்போது பலருக்குப் புகலிடமாகிவிட்டது. அதன் பொருள் ஊரில் சிலருக்குத் தெரியாது என்பதே அதன் சிறப்பு. பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றச் செலவு தொடங்கும். விலையுயர்ந்த கைப்பேசி, ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தாடை, உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் சக்திக்கு மிஞ்சிய மொய். திரும்பி வந்து ஆறு மாதம் வட்டி கட்டவேண்டும்.

மாற்கு 6-ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். ஆண்டவருடைய தொழிலைச் சொல்லி, இவன் அந்தத் தச்சனல்லவா என்று கேட்டு இடறலடைந்தவர்கள் எருசலேமின் பெரியவர்கள் அல்லர். அவர் வளர்ந்த ஊரார். தொழிலைச் சொல்லி ஒருவரை அளந்துவிடுவது நாசரேத்துக்கும் தெரிந்திருந்தது.

பிள்ளைகளின் வட்டமோ இன்னும் கூர்மையானது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன் தாயைக் குறித்து வீட்டில் எந்தக் குறையும் இராது. வகுப்புத் தோழன், "உன் அம்மா எங்கள் பில்டிங்கில் வேலை செய்கிறவர்தானே?" என்று கேட்ட நாளிலிருந்து, பெற்றோர் கூட்டத்துக்கு வரவேண்டாம் என்று அந்தப் பிள்ளை தாயைத் தடுக்கத் தொடங்கும். தாயும் காரணத்தை அறிந்துகொண்டு கேளாமல் இருந்துவிடுவாள். ஒரே வீட்டுக்குள் இருவர் ஒரே இரகசியத்தைச் சுமந்துகொண்டு ஒருவரையொருவர் பாராமல் இருப்பதைவிட வேறு வறுமை உண்டோ?

நிழலாகும் வட்டம்

வட்டம் காயப்படுத்துவதுபோலவே ஆற்றவும் வல்லது. புனே நகரத்தில் குப்பையிலிருந்து காகிதமும் கண்ணாடியும் தகரமும் பொறுக்கி விற்று வாழ்ந்த பெண்கள் 1993-ல் ஒன்றுகூடி, 'காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத்' என்னும் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். தெருவில் தனித்தனியே திருடியென்று சந்தேகிக்கப்பட்டவர்கள், மாநகராட்சியின் ஒப்புதல் பெற்ற அடையாள அட்டையோடு நடக்கலானார்கள். 2008-ல் 'ஸ்வச்' என்னும் அவர்களுடைய கூட்டுறவு அமைப்பு, மாநகராட்சியோடு உடன்படிக்கை செய்து வீடுவீடாகக் குப்பை சேகரிக்கும் பணியை ஏற்றுக்கொண்டது. தொடும் பொருள் அன்றும் குப்பை, இன்றும் குப்பை. பெயரும் அட்டையும் கூட்டமும் சேர்ந்தபோது, கதவைத் தட்டும் கை மாறிவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், முதலாளி வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு உடன்வேலையாள் என்று ஒருவரும் இல்லை. தன் வேலையைப்பற்றி அவள் கேட்கும் ஒரே அபிப்பிராயம் வீட்டு எஜமானியுடையது. தனித் தம்ளர், தனித் தட்டு, வேலையாட்களுக்கென்று தனி லிஃப்ட். நாள்தோறும் அந்த ஒரே கண்ணாடியில் முகம் பார்த்தால், தான் அவ்வளவுதான் என்று நம்பிவிடுவது எளிது.

தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலின் ஓரமாக 'மதராஸி கேம்ப்' என்னும் குடியிருப்பு பல பத்தாண்டுகளாக இருந்தது. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அவ்விடத்தின் பெண்களில் பலர் சுற்றியிருந்த காலனிகளில் வீட்டுவேலை செய்து பிழைத்தார்கள். நீதிமன்ற ஆணையின்பேரில் 2025 ஜூன் 1-ஆம் தேதி அது இடிக்கப்பட்டது. ஏறக்குறைய 370 குடும்பங்கள் வீடிழந்தன. தகுதியுள்ளவர்கள் என்று கண்டறியப்பட்டவர்களுக்கு மட்டும் நகரின் வடகோடியான நரேலாவில் அடுக்குமாடி வீடு ஒதுக்கப்பட்டது. வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தவர்கள் வேலையிழந்ததைப் பத்திரிகைகள் எழுதின. அவர்கள் இழந்த இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அடுத்த வீட்டு அக்காளும் அதே வேலைக்குப் போகிறாள் என்பது ஒரு நிழல். அந்த நிழலை எந்த ஒதுக்கீட்டு ஆணையும் திருப்பித் தராது.

வேலியாகும் வட்டம்

எனினும் எல்லா வட்டமும் நன்மை என்று சொல்லி முடித்துவிடலாகாது. ஒரே வேலை செய்வோரின் கூட்டம், அந்த வேலையின் ஆபத்தையும் சகஜமாக்கிவிடக்கூடும். "நாற்றம் தெரியாமலிருக்க ஒரு குவார்ட்டர் போட்டுக்கொண்டு இறங்கு" என்று சாக்கடைக்குள் இறங்குகிறவனுக்குச் சொல்லுகிறவனும் அவனுடைய கூட்டாளியே. கையுறை கேட்பவனைக் 'கோழை' என்று கேலி செய்வதும் அதே வட்டந்தான். தகப்பன் செய்த வேலையை மகனும் செய்யட்டும் என்று வேலி போடுவதும் உண்டு.

பெஜவாடா வில்சனை நீங்கள் அறிந்திருக்கலாம். 1966-ல், நம் தமிழ் மக்கள் பெருந்திரளாய்க் குடியேறி உழைத்த கோலார் தங்கவயலில், கையால் மலம் அள்ளும் தொழிலில் இருத்தப்பட்ட ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் ஒதுக்கப்பட்டார், உள்ளத்தில் கோபம் நிறைந்தது. அந்தக் கோபத்தை, அந்த வேலையை ஏற்படுத்தி வைத்திருந்த அமைப்பின்மேல் திருப்பினார். அவரும் தோழர்களும் நடத்திய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003-ல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2014 மார்ச் 27-ல் தீர்ப்பு வந்தது. 2016-ல் அவர் மகசேசே விருது பெற்றார். வெட்கம் யாருடையது என்னும் விலாசத்தை அவர் மாற்றி எழுதினார். அது அள்ளுகிறவருக்குரியதன்று, அள்ளவைக்கிறவர்களுக்குரியது.

இங்கே நாம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறியவேண்டும். துணி துவைப்பது, தெருப் பெருக்குவது, நோயாளியைக் கழுவித் துடைப்பது ஆகியவை கனம் பெறவேண்டிய வேலைகள். கையால் மலம் அள்ளுவதும், பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குவதும் ஒழியவேண்டியவை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரண்டையும் தடை செய்திருக்கிறது. இவற்றில் உழல்வோரைக் கனப்படுத்தவேண்டும். வேலையைப் புகழ்ந்து அவர்களை அதற்குள்ளேயே இருத்தி வைக்கலாகாது. மாலையும் பொன்னாடையும் கையுறைக்கு ஈடாகமாட்டா.

மறைப்பதன் விலை

வெட்கப்பட்டு மறைப்பதால் மனவருத்தம் மட்டுமா உண்டாகிறது? கைக்கு வரவேண்டிய நியாயமும் போய்விடுகிறது.

கழிவுநீர்க் குழியில் மாண்டவர்களின் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் வழங்கவேண்டுமென்று 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறிற்று. 2023 அக்டோபர் 20-ல் உச்ச நீதிமன்றம் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனமடைந்தவருக்குக் குறைந்தது 20 லட்சம் என்றும் ஆணையிட்டது. "என் கணவர் கம்பெனியில் வேலை செய்தார்" என்று பத்து வருடமாய்ச் சொல்லி வந்த மனைவி, எந்த முகத்தோடு எந்த அலுவலகத்தில் போய் அந்தத் தொகையைக் கேட்பார்? அவர் என்ன வேலை செய்தார் என்பதற்குச் சாட்சி சொல்ல அண்டை வீட்டாருக்கும் தெரியாதே.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென்று 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் பதிவில் தொழிலின் பெயரைச் சொல்லித்தான் பதியவேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலைக்காரப் பெண் பணிபுரியும் வீட்டையும் பணியிடமாக ஏற்கிறது. அவர் மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். வீட்டுவேலை செய்வோருக்கென்று தனிச்சட்டம் வேண்டுமா என்பதை ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குக் கட்டளையிட்டது. இவையெல்லாம் ஒரு வாக்கியத்தில் தொடங்குகின்றன: "நான் வீட்டுவேலை செய்கிறேன்." அந்த வாக்கியத்தைச் சொல்லக் கூசுகிறவருக்கு எந்தச் சட்டமும் எட்டுவதில்லை.

சபை என்னும் வட்டம்

வேலைத்தலம், தெரு, சொந்த ஊர், பள்ளிக்கூடம் ஆகியவற்றின் கண்களை நாம் எளிதில் மாற்ற இயலாது. ஒரு வட்டம் மட்டும் நம் கையில் இருக்கிறது. ஞாயிறுதோறும் நாம் கூடும் வட்டம் அது.

தோல் பதனிடும் தொழிலை அக்கால யூத சமூகம் எப்படிப் பார்த்தது என்பதற்கு, ஏறக்குறைய கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட மிஷ்னா சாட்சி. தோல் பதனிடும் இடம் ஊரைவிட்டு 50 முழம் தள்ளி இருக்கவேண்டும் என்கிறது அது. தோல் பதனிடுகிறவனின் மனைவி அந்நாற்றத்தின் காரணமாகவே மணவிலக்குக் கேட்கலாம் என்றும் அனுமதிக்கிறது. இப்படிப்பட்ட சீமோனுடைய வீட்டில்தான் யோப்பாவில் பேதுரு அநேக நாள் தங்கியிருந்தார் (அப்போஸ்தலர் 9:43). கொர்நேலியுவுக்குத் தேவதூதன் விலாசம் சொல்லும்போதும் அந்தத் தொழிலை மறைக்கவில்லை. தொழிலையே அடையாளமாகச் சொல்லுகிறான் (10:6). திருநெல்வேலியிலிருந்து தாராவிக்குச் சென்று தோல் பதனிட்டுப் பிழைத்த நம் முன்னோரின் பிள்ளைகள் இவ்வசனங்களை நின்று வாசிக்கவேண்டும். பேதுரு அந்தத் தொழிலைப்பற்றிப் பிரசங்கம் பண்ணியதாக எழுதியில்லை. அந்த வீட்டில் தங்கினார், அது போதுமாயிருந்தது.

நம் சபைகளில் புதியவரை அறிமுகம் செய்யும் விதத்தைக் கவனியுங்கள். "இவர் இன்ஜினியர்", "இவர் வங்கி அதிகாரி" என்று சிலருக்குத் தொழிலும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. மற்றவருக்கு, "நம்முடைய சகோதரர்" என்பதோடு நின்றுவிடுகிறது. சொல்லாமல் விடுவது மரியாதை என்று எண்ணுகிறோம். கேட்கிறவரோ, சொல்லத்தகாதது என்று புரிந்துகொள்கிறார். சொன்னால் எல்லாருக்கும் சொல்லுவோம். இல்லையேல் ஒருவருக்கும் வேண்டாம்.

சாட்சி நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். "பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என்னைக் கர்த்தர் உயர்த்தினார், இன்று என் மகன் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான்" என்று ஒரு தாயார் கண்ணீரோடு சொல்லுகிறார். அந்த நன்றி உண்மையானது; அதில் குற்றம் காண இடமில்லை. ஆனால், நாளைக் காலை ஆறு மணிக்குப் பாத்திரம் தேய்க்கப் போகிற மூன்று சகோதரிகள் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். தாங்கள் இன்னும் உயர்த்தப்படாதவர்கள் என்றல்லவோ அவர்கள் செவியில் விழும்? அதே சாட்சியை இப்படிச் சொல்லலாம்: "பாத்திரம் தேய்த்து என் மகனைப் படிக்கவைக்கக் கர்த்தர் என் கைகளுக்குப் பலம் தந்தார்." அப்போது பின்வரிசையில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

திருமணப் பேச்சில் இந்த அச்சடையாளம் இன்னும் ஆழமாய்ப் பதிகிறது. நிரந்தரச் சம்பளமும் நற்சாட்சியும் உடைய வாலிபன், துப்புரவுத் துறையில் இருக்கிறான் என்பதற்காகவே விலக்கப்படுவது விசுவாசக் குடும்பங்களிலும் நடக்கிறது. ஞாயிறு காலையில் ஒரே அப்பத்தில் பங்குபெற்றுவிட்டு, மாலையில் அந்த வீட்டில் பெண் கொடுக்கமாட்டோம் என்று சொல்லுகிறவர்கள், அந்த அப்பத்தின் பொருள் என்னவென்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

இப்போது நம்மில் சிலருடைய வீடுகளிலும் வேலைக்கு ஆள் வருகிறார்கள். நேற்றுவரை தனித் தம்ளரில் தேநீர் குடித்த கை, இன்று இன்னொருத்திக்குத் தனித் தம்ளர் எடுத்து வைக்கிறது. உங்கள் சமையலறை அலமாரியை இன்றைக்கே திறந்து பாருங்கள். அங்கே ஒரு மூலையில் தனியாக ஒரு தம்ளர் இருக்குமானால், அதை மற்றவற்றோடு சேர்த்து வையுங்கள்.

பெற்றோரே, உங்கள் வேலையைப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லுங்கள். எத்தனை வீடு, எந்த வீட்டுச் சம்பளம் வாடகைக்கு, எந்த வீட்டுச் சம்பளம் அவனுடைய பள்ளிக்கட்டணத்துக்கு என்று கணக்கோடு சொல்லுங்கள். வீட்டில் உங்கள் வாயால் கனத்தோடு கேட்ட பிள்ளை, வகுப்பறையில் தோழனுடைய வாயால் கேட்கும்போது அவ்வளவாய் அதிரமாட்டான்.

இந்த மாதத்து வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒன்று செய்வோம். "என் வேலைக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், ஒவ்வொருவரும் வேலையின் பெயரைச் சொல்லி ஜெபவிண்ணப்பம் கொடுப்போம். "ஆஸ்பத்திரியில் கழிப்பறை கழுவுகிறேன், கையுறை தருகிறதில்லை" என்று ஒரு சகோதரர் சொல்லட்டும். "ஐந்து வீட்டில் வேலை, மாதத்தில் ஒரு நாள்கூட விடுப்பில்லை" என்று ஒரு சகோதரி சொல்லட்டும். ஜெபித்து முடித்தபின், எழுதத் தெரிந்தவர் ஒருவர் அந்தக் கையுறைக்காக மேற்பார்வையாளருக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கட்டும். இணையம் அறிந்த வாலிபர் ஒருவர் இ-ஷ்ரம் பதிவைச் செய்து கொடுக்கட்டும். முதலில் சொல்லுகிறவருக்கு நாவு தடுமாறும். இரண்டாமவருக்குச் சற்று எளிதாகும். மூன்றாமவர் சொல்லும்போது, அந்த அறைக்குள் வெட்கம் குடியிருக்க இடமிராது.

கர்த்தர்தாமே உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதித்து, உங்கள் குடும்பங்களைச் சமாதானத்தோடே காத்து நடத்துவாராக. ஆமென்.